மந்தனைப் பார்க்க மணிக்கு நூற்றிருபது

சனிக்கு நம் ஜோதிடர்கள் வைத்திருக்கும் பெயர்களில் ஒன்று மந்தன். சமஸ்கிருதத்தில் சனைச்சரன். மெதுவாக நடக்கிறவன் என்று அர்த்தம். பெயரில் தப்பே இல்லை. சூரியனை ஒரு சுற்றுச் சுற்றி வர அந்தக் கிரகத்துக்கு ஏறக்குறைய 29½ வருஷம் ஆகிறது. ஒரு ராசியில் இரண்டரை வருஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் அடுத்ததற்குக் கிளம்பும். புராணத்திலும் கால் விந்தி நடப்பவராகத்தான் வருகிறார். வெறும் கண்ணால் பார்க்க முடிகிற கிரகங்களில் இவரைவிட நிதானமானவர் கிடையாது.

இவரைப் பார்க்கத்தான் நாம் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் போகிறோம்.

பொழிச்சலூரில் எங்கள் தெருக்காரர் ஒருவர், சாஃப்ட்வேர் உத்தியோகம், கும்பகோணத்தைச் சுற்றியுள்ள நவக்கிரகக் கோயில்களுக்குக் குடும்பத்தோடு போய்வர ஒரு திட்டம் தயாரித்தார். எக்செல்லில் போட்டு இரண்டு பக்கம் பிரிண்ட் எடுத்து, "சார், பத்திரிகைல எல்லாத்தையும் விமர்சனம் பண்றீங்க. இதையும் ஒரு பார்வை பாருங்களேன்" என்று கையில் கொடுத்தார். விளையாட்டாகத்தான் கேட்டார். நான் நிஜமாகவே உட்கார்ந்து படித்தேன். ஏனென்றால் இன்றைக்கு நம் குடும்பங்களில் மிகுந்த சிரத்தையோடு எழுதப்படுகிற உரைநடை வடிவம் டூர் பிளான்தான். நாவலைப் படித்துவிட்டு மறந்துவிடலாம். இதை நிமிஷக் கணக்கில் வாழ்ந்து காட்டியாக வேண்டும். அப்படிப்பட்ட எழுத்துக்கு ஒரு மதிப்புரை எழுதினால் என்ன?

முதலில் பாராட்டு. நான் பி.காம். கூட்டல் சரியாக இருக்கிற எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் தானாக மரியாதை வந்துவிடும். இதில் கூட்டல் சரியாக இருந்தது. கோயில், கிரகம், சேரும் நேரம், கிளம்பும் நேரம், கிலோமீட்டர், டோல், டீசல், அர்ச்சனை, சாப்பாடு என்று கிரகத்துக்கு ஒன்றாக ஒன்பது கட்டங்கள்.

கதைச் சுருக்கம் இதுதான். வெள்ளிக்கிழமை ராத்திரி 10 மணிக்குப் புறப்பாடு. பம்மல், பல்லாவரம் வழியாக ஜி.எஸ்.டி. ரோடு. தாம்பரம், செங்கல்பட்டு, திண்டிவனம், விக்கிரவாண்டி. அங்கே திருச்சி ரோட்டை விட்டுப் பிரிந்து பண்ருட்டி, நெய்வேலி, சேத்தியாத்தோப்பு, அப்புறம் கும்பகோணம். விடிகாலை 4 மணிக்கு லாட்ஜில் குளியல். 6 மணிக்குத் திங்களூரில் சந்திரன். பிறகு ஆலங்குடியில் குரு, திருநாகேஸ்வரத்தில் ராகு, சூரியனார்கோயில், கஞ்சனூரில் சுக்கிரன். மத்தியானம் நடை சாத்திவிடுவதால் ஒரு இடைவேளை. சாயங்காலம் வைத்தீஸ்வரன்கோயிலில் செவ்வாய், திருவெண்காட்டில் புதன், கீழப்பெரும்பள்ளத்தில் கேது, கடைசியாகத் திருநள்ளாற்றில் சனி. கோயிலுக்குச் சராசரி 25 நிமிடம். ராத்திரி 8 மணிக்குக் கிளம்பி காரைக்கால், சிதம்பரம் வழியாக ஞாயிறு விடிகாலை 3 மணிக்கு வீடு. மொத்தம் 29 மணி நேரம், 750 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. கடைசி வரி: 'சண்டே ரெஸ்ட்.'

படித்து முடித்ததும் எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

இந்தப் படைப்பின் ஒரே அமைதியான பகுதி அந்த மத்தியான இடைவேளை. பன்னிரண்டரையிலிருந்து நாலு மணி வரை சாமி தூங்கப் போகிறார். அதனால்தான் மனிதர்களுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கிறது. திட்டத்தை எழுதியவர் அதற்கு எதிரே போட்டிருந்த குறிப்பு: 'இந்த டைம் வேஸ்ட் ஆகுது. வேற கோயில் திறந்திருக்கா?'

*

ஒரு படைப்பில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன விடுபட்டிருக்கிறது என்று பார்ப்பது விமர்சகர்களின் கெட்ட பழக்கம். இந்தத் திட்டத்தில் விடுபட்டது ரொம்பப் பெரிய பொருள். ரோடு.

'கிலோமீட்டர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் அதில் எண்தான் இருக்கிறது. ஊர் இல்லை. இருட்டில் தூங்கிக்கொண்டே கடக்கப் போகிற அந்த 270 கிலோமீட்டரில் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பார்க்கலாம்.

சேத்தியாத்தோப்பு வருகிறது. பக்கத்திலேயே வீராணம் ஏரி, பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழன் காலத்தில் வெட்டியது. 2004 முதல் அதன் தண்ணீர் சேத்தியாத்தோப்பிலிருந்து வடக்குத்து சுத்திகரிப்பு நிலையம் போய், அங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயிலேயே பயணம் செய்து போரூருக்கு வந்து சேர்கிறது. போரூர் எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. அந்தத் தண்ணீர் தெற்கிலிருந்து வடக்கே வருகிறது. நாம் வடக்கிலிருந்து தெற்கே போகிறோம். சென்னை குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஏரிக்கரையில் காரை நிறுத்திப் பிள்ளைகளுக்குக் காட்ட பத்து நிமிஷம் போதும். அந்தப் பத்து நிமிஷத்துக்கு இந்த அட்டவணையில் இடமில்லை.

கல்கி இடம் கொடுத்தார். 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது, வந்தியத்தேவனை முதல் அத்தியாயத்திலேயே ஆடிப் பதினெட்டு அன்று இந்த ஏரிக்கரையில்தான் கொண்டுவந்து விட்டார். அவனுக்கும் நம்மைப் போலவே அவசரம். கையில் ராஜாங்க ஓலை. காஞ்சிபுரத்திலிருந்து தஞ்சாவூர் போயாக வேண்டும். இருந்தாலும் ஏரியைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான், நாலு பேரிடம் பேச்சுக் கொடுத்தான். குடந்தைக்குப் போய் ஜோசியரையும் பார்த்தான். பரிகாரத்துக்கு ஒன்பது கோயில் ஓடவில்லை. கதை நகர்ந்ததே அவன் வழியில் நின்ற இடங்களால்தான்.

இன்னும் கொஞ்ச தூரம் போனால் மீன்சுருட்டிக்குப் பக்கத்தில் கங்கைகொண்டசோழபுரம். ராஜேந்திர சோழன் கட்டியது. 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. எங்கள் தெருக்காரரின் திட்டத்தில் இது இல்லை. காரணம் கேட்டேன். "அது கிரக ஸ்தலம் இல்லை சார்" என்றார்.

அந்தக் கோயிலுக்குள் நவக்கிரகம் ஒன்று இருக்கிறது. தாமரை போன்ற பீடம், அடியில் ஏழு குதிரை பூட்டிய சூரியனின் தேர், சுற்றிலும் மற்ற கிரகங்கள். எல்லாம் ஒரே கல்லில். ஒன்பது ஊர்களில் தேடப் போகிற ஒன்பது பேரும் ஒன்றாகச் சேர்ந்து ரோட்டோரம் காத்திருக்கிறார்கள். நாம் ராத்திரி மூன்று மணிக்கு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, அவர்களைத் தாண்டிப் போகிறோம்.

அதையும் தாண்டினால் கொள்ளிடம். ஆர்தர் காட்டன் 1830களில் கட்டிய கீழணையின் மேல், அணைக்கரையில், ஒடுக்கமான பாலத்தில் வண்டிகள் ஊர்ந்து போன காலம் பலருக்கு ஞாபகமிருக்கும். சேத்தியாத்தோப்பு – சோழபுரம் இடையே 50 கிலோமீட்டர் நாலு வழிச் சாலையைப் பிரதமர் 2025 ஜூலை 26 அன்று நாட்டுக்கு அர்ப்பணித்தார். கொள்ளிடத்தின் குறுக்கே ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குப் புதுப் பாலமும் அதில் உண்டு. சந்தோஷம். வருஷக்கணக்காகக் குண்டும் குழியுமாகக் கிடந்த வழி. ஆனால் ஒரு விஷயம் கவனித்தீர்களா? சம்பளம் கூடியதும் கடனும் கூடுகிற மாதிரி, ரோடு மிச்சம் பிடித்துத் தருகிற ஒரு மணி நேரத்தை நாம் கையில் வைத்துக்கொள்வதில்லை. உடனே இன்னொரு கோயிலில் போட்டுவிடுகிறோம். அன்றைய நாள் முன்பு இருந்த அதே இறுக்கத்தில்தான் முடிகிறது.

*

எங்கள் தெருக்காரரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. அவருடைய திட்டத்துக்கு மூல நூல்கள் உண்டு. கோயில் வாசல் கடைகளில் நவக்கிரகக் கையேடு என்று கிடைக்கிற மெல்லிய புத்தகங்கள். கிரகம், ராசி, தானியம், வஸ்திரம், மலர், ரத்தினம், திறந்திருக்கும் நேரம், அவ்வளவுதான். ஒவ்வொரு கோயிலுக்கும் அதே கட்டங்கள். எள், துவரை, கொண்டைக்கடலை என்று படித்துக்கொண்டே போனால் மளிகைக் கடைச் சிட்டை மாதிரி இருக்கும்.

உபயோகமான புத்தகங்கள்தான். ஆனால் அவை ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. இந்த ஒன்பதில் கிரகமே மூலவராக இருப்பது சூரியனார்கோயிலில் மட்டும்தான். முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கோயில். மற்ற எட்டும் சிவன் கோயில்கள். ஆலங்குடியில் ஆபத்சகாயேசுவரர், கஞ்சனூரில் அக்னீசுவரர், திருநள்ளாற்றில் தர்ப்பாரண்யேசுவரர். வீட்டுக்காரரை விட்டுவிட்டு, கிரகத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓடிவருகிற மாதிரி ஆகிவிட்டது நம் யாத்திரை.

திருவெண்காட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். திட்டத்தில் 'புதன், 25 நிமிடம், பச்சைப்பயறு' என்று இருக்கிறது. அந்த ஊர் மண்ணுக்குள்ளிருந்துதான் ரிஷபவாகன தேவர் வெண்கலச் சிலை கிடைத்தது. ராஜராஜன் காலம், 1011. ரிஷபத்தின் மேல் சாய்ந்துகொள்ளக் கை வைத்த பாவனையில் நிற்கிறார், ரிஷபம் இல்லை. இல்லாத ரிஷபம் நம் கண்ணுக்குத் தெரிகிறது. தமிழர்கள் செய்த வெண்கலங்களில் இதற்கு மேல் ஒன்று உண்டா என்று கேட்டால் யோசிக்கத்தான் வேண்டும். அவர் இப்போது தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் இருக்கிறார். அங்கே கிரகம் கிடையாது. ஆகவே திட்டத்தில் தஞ்சாவூரும் கிடையாது. கும்பகோணத்தை ஒட்டியே இருக்கிற தாராசுரமும் கிடையாது.

*

அந்தக் கலைக்கூடம் 1951இல் உருவாக முக்கியக் காரணமானவர் தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான். எழுத்தாளர் ரகுநாதனின் அண்ணன். வருவாய்த் துறையில் உத்தியோகம் பார்த்து கலெக்டர் வரை உயர்ந்தவர். ரசிகமணி டி.கே.சி.யின் சீடர். 'கல்கி'யில் அவர் எழுதிய 'வேங்கடம் முதல் குமரி வரை' பின்னால் பல பாகங்களாகப் புத்தகமானது. எங்கள் தெருக்காரருக்கு நான் சிபாரிசு செய்த மாற்று டூர் பிளான் அதுதான்.

பாகங்களின் பெயரைப் பாருங்கள். பாலாற்றின் மருங்கிலே. பொன்னியின் மடியிலே. பொருநைத் துறையிலே. கிரகத்தால் பிரிக்கவில்லை, ராசியால் பிரிக்கவில்லை. ஆற்றால் பிரித்திருக்கிறார். ஒரு ஊருக்கு ஒரு அத்தியாயம். எடுத்த எடுப்பில் கோயிலுக்குள் இழுத்துக்கொண்டு போக மாட்டார். ஒரு கதை சொல்வார், இல்லையென்றால் ஒரு பாட்டைப் பற்றிப் பேசுவார். அப்புறம் எந்த ரயிலடியில் இறங்க வேண்டும், அங்கிருந்து எத்தனை மைல், வழியில் எந்த ஆற்றைக் கடக்க வேண்டும் என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போவார். சிற்பத்தின் முன்னால் நிறுத்திவிட்டுப் பேசாமல் நகர்ந்துகொள்வார். வழியும் ஊரும் சாமியும் ஒரே கதையின் பகுதிகள் அவருக்கு.

குறைகள் உண்டு. அவருக்கு ரசிக்கத் தெரிந்த அளவு குறை சொல்லத் தெரியாது. எல்லாக் கோயிலும் அழகு, எல்லாத் தலமும் அருமை என்று நாலு அத்தியாயம் சேர்ந்தாற்போல் படித்தால் கொஞ்சம் திகட்டும். மைல் கணக்கும் ரயிலடியும் இன்று உதவாது. தவிர, ஊர் ஊராக மாற்றலாகிப் போன அதிகாரிக்கு அந்தந்த ஊரில் தங்கிப் பார்க்கிற பாக்கியம் இருந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாள் மட்டும் லீவு கிடைக்கிறவன் என்ன செய்வான்?

இது நியாயமான கேள்வி. எங்கள் தெருக்காரரும் இதைத்தான் கேட்டார். "அம்மாவுக்கு 74 வயசு சார். முழங்கால் வலி. ஜோசியர் ஒன்பதும் பார்த்துட்டு வரச் சொல்லியிருக்கார். எனக்கு வேற லீவு கிடையாது. நான் என்ன பண்றது?"

நம்பிக்கையில் நான் கை வைக்கவில்லை. 74 வயது அம்மாவின் பயம் நிஜமான பயம். அந்தப் பயத்துக்கு ஒரு பதில் பொழிச்சலூரிலேயே இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. எங்கள் ஊர் அகத்தீசுவரர் கோயிலில் சனீசுவரருக்குத் தனிச் சந்நிதி. வட திருநள்ளாறு என்றே பெயர். எங்கிருந்தெல்லாமோ சென்னைக்காரர்கள் சனிக்கிழமை எள் தீபத்தோடு இங்கே வருகிறார்கள். நாங்கள் இங்கிருந்து கிளம்பித் திருநள்ளாறு போகிறோம்.

ஒன்பதும் வேண்டுமென்றாலும் பக்கத்திலேயே உண்டு. கொளப்பாக்கம் சூரியன், சோமங்கலம் சந்திரன், பூந்தமல்லி செவ்வாய், கோவூர் புதன், போரூர் குரு, மாங்காடு சுக்கிரன், பொழிச்சலூர் சனி, குன்றத்தூர் ராகு, கெருகம்பாக்கம் கேது. தொண்டை மண்டல நவக்கிரகத் தலங்கள் என்று சொல்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். மத்தியானம் வீட்டுக்கு வந்து ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு மீதியைச் சாயங்காலம் பார்க்கலாம்.

ஆகவே, பரிகாரம் மட்டும்தான் காரணம் என்றால் 750 கிலோமீட்டர் தேவையில்லை. அவ்வளவு தூரம் போகிறோம் என்றால் வேறு ஏதோ ஒன்றுக்காகத்தான் போகிறோம். காவிரிக்காக, வயலுக்காக, அம்மா சின்ன வயசில் பார்த்த தேர்முட்டிக்காக, டிகிரி காபிக்காக. அந்த 'வேறு ஏதோ ஒன்று' முழுக்க முழுக்க வழியில்தான் இருக்கிறது. அதைத்தான் இந்தத் திட்டம் வேஸ்ட் என்று கணக்கெழுதுகிறது.

நாளைப் பற்றியும் பதற வேண்டாம். திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி 2025 மார்ச் 29. திருநள்ளாறு பின்பற்றுகிற வாக்கியப் பஞ்சாங்கப்படி அதே பெயர்ச்சி 2026இல். இரண்டு பஞ்சாங்கங்களுக்கு நடுவே கிட்டத்தட்ட ஒரு வருஷம் வித்தியாசம் இருக்கும்போது, நாம் கூட்டமில்லாத ஒரு வாரம் பார்த்துப் போனால் குடி முழுகிவிடாது.

*

இன்னும் ஒரு ஆளைப் பற்றி நான் பேசவில்லை. திட்டமும் பேசவில்லை.

ஒன்பது கட்டங்களில் அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள் எல்லாருக்கும் அர்ச்சனைச் சீட்டு கணக்குப் போட்டாகிவிட்டது. டிரைவர் எங்கே? தேடினேன். செலவுப் பகுதியில் 'டிரைவர் பேட்டா' என்று ஒரே ஒரு வரி. வெள்ளிக்கிழமை பகல் முழுக்க ஏர்போர்ட் சவாரி ஓட்டிவிட்டு ராத்திரி பத்து மணிக்கு வந்து ஏறப் போகிற ஒரு தம்பி. அதிலிருந்து 29 மணி நேரத்துக்கு அவன் தூங்குவதற்கு இந்தக் காகிதத்தில் இடமே இல்லை. மத்தியான இடைவேளையில் சீட்டைச் சாய்த்துக்கொள்ளலாம், அதுவும் வேறு கோயில் எதுவும் திறந்திருக்காவிட்டால். திரும்பி வருகிற விடிகாலை ஒரு மணிக்கு, பின்சீட்டில் ஐந்து பேரும் விபூதி வாசனையோடு தூங்கிக்கொண்டிருக்கும்போது, அத்தனை பேர் உயிரும் தூங்காத ஒரே ஒரு ஜோடிக் கண்ணில் இருக்கிறது.

1961இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே ஓட்டுநருக்குப் பொதுவாக ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்று வரையறுத்தது. நாம் மூன்றரை மடங்கு வாங்குகிறோம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி தமிழ்நாட்டில் 2022ஆம் வருஷம் மட்டும் 64,105 சாலை விபத்துகள், 17,884 மரணங்கள். நாளொன்றுக்குச் சராசரி 49 பேர். அத்தனைக்கும் தூக்கம் காரணமில்லை. ஆனால் தூக்கத்தை நாமே காகிதத்தில் அடித்துவிட்டு, அப்புறம் கிரகத்தின் மேல் பழி போடக் கூடாது.

திருநள்ளாற்றுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த நளனை நினைத்துப் பாருங்கள். நளவெண்பாவில் அவனைப் பிடித்தது கலி. தல புராணத்தில் சனி. எது பிடித்ததோ, நாட்டை இழந்து, உருவம் மாறி, கடைசியில் அவன் பார்த்த வேலை என்ன? இன்னொரு ராஜாவுக்குத் தேரோட்டி. டிரைவர்! ராஜா, மேலாடை கீழே விழுந்துவிட்டது என்று சொல்லி முடிப்பதற்குள் தேர் பல காதம் தாண்டிவிட்டதாகப் புகழேந்தி பாடுகிறார். நம் பாட்டியும் காரில் அப்படித்தான். 'அது என்ன கோபுரம்டா?' என்று கேட்டு முடிப்பதற்குள் அடுத்த டோல்கேட் வந்துவிடுகிறது. சனி பிடித்த டிரைவர் ஒருவன் விமோசனம் பெற்ற ஊருக்கு, தூக்கம் பிடித்த டிரைவரோடு போகிறோம். அவனுக்கு விமோசனம் யார் கொடுப்பது?

விமர்சகன் குறை மட்டும் சொல்லிவிட்டு நழுவக் கூடாது. எனவே திருத்திய பதிப்பு.

கிளம்புவது சனிக்கிழமை விடிகாலை 5 மணி, ராத்திரி தூங்கி எழுந்து. ஜி.எஸ்.டி. ரோடும் வெள்ளி ராத்திரியைவிடக் காலியாக இருக்கும். வீராணத்தில் பத்து நிமிஷம், கங்கைகொண்டசோழபுரத்தில் ஒரு மணி நேரம். மத்தியானம் நடை சாத்தியிருக்கும்போது கும்பகோணத்தில் சாப்பாடு, தூக்கம். சாயங்காலம் தாராசுரம். ராத்திரி கும்பகோணத்திலேயே தங்கல். மறுநாள் காலையில் கஞ்சனூரும் சூரியனார்கோயிலும் பக்கத்துப் பக்கத்தில். அங்கிருந்து கிழக்கே திருநள்ளாறு. பகல் வெளிச்சத்தில் வீடு நோக்கி. மூன்று கிரகம் போதும். ஒன்பதும் பார்த்தே தீர வேண்டும் என்கிறவர்களுக்கு, கும்பகோணத்திலிருந்து அரசுப் போக்குவரத்துக் கழகம் 2024இல் நவக்கிரகச் சிறப்புப் பேருந்து ஆரம்பித்தது. ராத்திரி அங்கே தூங்கி எழுந்து அந்த மாதிரி பஸ்ஸில் ஏறிக்கொண்டால், உங்கள் டிரைவர் அன்று முழுக்கப் படுத்திருக்கலாம்.

செலவுக் கணக்கில் ஒரே ஒரு திருத்தம். பேட்டாவோடு நிறுத்தாதீர்கள். பட்டியலின் முதல் வரியில், டீசலுக்கும் முன்னால், இப்படி எழுதுங்கள்: டிரைவருக்கு ஒரு ரூம், ஒரு கட்டில், ஒரு ஃபேன், எட்டு மணி நேரம். அதற்குக் கீழே கிரகங்களை எந்த வரிசையில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.